அறுவைக்கு அட்டை உண்டு. வேலைக்குக் காவல் எங்கே?



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறீர்கள். வாசலில் ஒருவர் துண்டை விரித்தபடி நிற்கிறார். கையில் ஜமாஅத் முத்திரை குத்திய கடிதம். இவர் இன்ன மஹல்லாவைச் சேர்ந்தவர், சிறுநீரகக் கோளாறால் அவதிப்படுகிறார், சகோதரர்கள் தாராளமாக உதவவும் என்று எழுதியிருக்கிறது. நீங்களும் பத்தோ இருபதோ போட்டுவிட்டு நகர்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த முறை பணம் போடுவதோடு நிற்காமல் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நோய் வருவதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தீங்க, பாய்? அந்தக் கடையில் எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?"

"ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தேன், இருபது பேர் வேலை பார்த்தோம்" என்பது போன்ற பதில் வரும். "இ.எஸ்.ஐ. பிடிச்சாங்களா?" என்று கேளுங்கள். "அப்படீன்னா என்ன?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

அந்த மனிதர் கையேந்தப் பிறந்தவர் அல்ல. சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியதைச் சேரவிடாமல் தடுத்தது யார்? நோய் வந்த மறுமாதமே "உடம்பு தேறினால் வா, பார்க்கலாம்" என்று அனுப்பி வைத்தது யார்? அதே முதலாளி முதல் ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்து அவர் துண்டில் நூறு ரூபாய் போட்டுவிட்டுப் போகிறார் என்றால், அதற்கு தர்மம் என்று பெயரா?

கரிசல் காட்டுக் கணக்கு

இது ஜவுளிக்கடை விஷயம் மட்டுமல்ல, நம் சமுதாயத்தின் பிரச்சினை மட்டுமல்ல. பசுவந்தனைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒட்டப்பிடாரம் தாலுகாவின் கரிசல் பூமி அது. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரிக் காடு. மழை குறைந்தாலும் வெள்ளாமை போச்சு, கூடினாலும் போச்சு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால், காலையில் வேன் ஏறி கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டும். கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பண்டல் போடுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். இவர்களில் எல்லா சாதியும் உண்டு, எல்லா மதமும் உண்டு.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டு நூறு ஆண்டு தாண்டிவிட்டது. கை வேலை இருந்த இடத்தில் இயந்திரம் வந்தது, மரக்குச்சிக்குப் பக்கத்தில் மெழுகுக் குச்சி வந்தது, கப்பலேறி வெளிநாடு போனது. நோய்வாய்ப்பட்ட தொழிலாளியின் கணக்கு மட்டும் நூறு ஆண்டாக மாறவில்லை. வந்தால் கூலி, வராவிட்டால் வேறு ஆள்.

நாள் கூலி 400 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக இருமல். கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் சளி எடுத்துப் பார்த்துக் காசநோய் என்கிறார்கள். ஆறு மாதம் மருந்து, அதுவும் இலவசம். ஊட்டச்சத்துக்கு என்று 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கினார்கள். நல்லது, பாராட்டுவோம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும் ஆபத்து போய்விடுகிறது. ஆனால் நோய் பரவும் முன்னே பெயர் பரவிவிடுகிறது! வேன் அவர் வீட்டு வாசலில் நிற்பதில்லை. அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து கட்டை அடுக்குகிறார். ஆறு மாதம் கழித்துக் குணமாகி வருகிறவருக்கு நோயும் இல்லை, வேலையும் இல்லை. வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் இருக்கிறது.

அட்டை எதற்கு உதவும்?

"காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறோமே!" என்று ஆட்சியாளர்கள் மார்தட்டுவார்கள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கினார்கள். ஆட்சி மாறியதும் 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை என்றார்கள். பெயரை மாற்றுவதில் காட்டிய சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. இதயத்தைத் திறக்க, கட்டியை அகற்ற, டயாலிசிஸ் செய்ய அந்த அட்டை கைகொடுக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதை மறுக்கும் நன்றி கெட்டவர்கள் அல்ல நாம்.

ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. அறுவை முடிந்து இரண்டு மாதம் படுத்திருக்கும்போது அரிசிக்கும் வாடகைக்கும் அது ஒரு பைசா தராது. "இவரை வேலையை விட்டு நீக்காதே" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாது. ஐந்து லட்ச ரூபாய் செலவழித்து ஒருவரின் இதயத்தை ஓட வைத்துவிட்டு, பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்தை இழந்து அவர் குடும்பம் சிதறுவதை வேடிக்கை பார்க்கிற ஏற்பாடு இது!

1948இலேயே எழுதி வைத்தது

இப்படி ஒரு பாதுகாப்பு இந்த நாட்டுக்குப் புதிதா? இல்லை. பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அறிக்கை கொடுத்தார். 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது நாம் வாயால் சொல்லும் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது.

அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். அதோடு, நோயில் கிடக்கும் நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை. நம் தீப்பெட்டி ஆபீஸ் சகோதரிக்கு நாளொன்றுக்கு 280 ரூபாய். 91 நாளுக்கு 25,480 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நெடுநோய்களுக்குத் தனி ஏற்பாடு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து உரிய நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதக் கூலி இரண்டு ஆண்டு வரைகூட நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. சுகவீனப் பயன் வாங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியை முதலாளி நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, அந்தக் காலத்தில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது என்றது அது. செல்லாது! எத்தனை முதலாளிகளுக்கு இது தெரியும்? தெரிந்த எத்தனை பேர் தொழிலாளியிடம் சொன்னார்கள்?

இதற்கு ஆகும் செலவு என்ன தெரியுமா? 2019 ஜூலையில் சந்தாவைக் குறைத்தார்கள். முதலாளி பங்கு 4.75இலிருந்து 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 1.75இலிருந்து 0.75 சதவீதம். மாதம் 26 நாள் வேலை என்றால் அந்தச் சகோதரி கட்ட வேண்டியது 78 ரூபாய், முதலாளி கட்ட வேண்டியது 338 ரூபாய். அவ்வளவுதான். சந்தாவைக் குறைக்க முடிந்த அரசுக்கு, 70 சதவீதத்தை உயர்த்தும் எண்ணம் ஏன் வரவில்லை என்று நாம் கேட்கிறோம். முதலாளிக்கு ஒன்றரை சதவீதம் மிச்சம், தொழிலாளிக்கு ஒரு சதவீதம் மிச்சம், நோயாளிக்கு மிச்சம் எதுவுமில்லை!

நோய் தன் உரிமையைத் தானே தின்னும் விசித்திரம்

சட்டம் நல்லது என்று சொல்லிவிட்டு ஓட்டையை மறைப்பது நம் வழக்கமல்ல. இதுவரை நடந்துவரும் விதியின்படி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை சுகவீனப் பயன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. இப்போது யோசியுங்கள். ஒருவர் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் நோயில் கிடந்தார். கிடந்த நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் சந்தா இல்லை. மீதி மூன்று மாதத்தில் ஓரிரு நாள் வேலை குறைந்தாலும் 78 நாள் நிறையாது. ஜனவரியில் நோய் மீண்டும் திரும்பினால், "உனக்குத் தகுதி இல்லை" என்று பதில் வரும். நோயாளியாக இருந்த குற்றத்துக்காக நோயாளிக்கான உதவி மறுக்கப்படுகிறது!

தீப்பெட்டித் தொழிலில் இது இன்னும் கொடுமை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குச்சி காயாது, வேலை குறையும். வானம் மூடியதற்கும் தொழிலாளியின் கணக்கில்தான் நாள் குறைகிறது. நோயில் கிடந்த நாளையும் வேலை நிறுத்தி வைத்த நாளையும் சந்தா நாளாகக் கணக்கிட வேண்டும். இதைக் கேட்பது பேராசை அல்ல.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. சுகவீனப் பயன் வாங்குகிற நாளில் வேலை செய்யக் கூடாது. ஒன்று முழு நோயாளியாகப் படு, அல்லது முழு ஷிப்டு பார். நடுவில் வழியே கிடையாது. ஆனால் மனித உடம்பு அப்படியா தேறுகிறது? மாரடைப்பு வந்தவர் இரண்டு மாதம் கழித்து நாலு மணி நேரம் கல்லாவில் உட்காரலாம், மூட்டை தூக்க முடியாது. டயாலிசிஸ் செய்கிறவர் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வரலாம், ஆறு நாள் வர முடியாது. இப்படி பாதி உடம்போடு வருகிறவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லாததால், அவர்கள் முழுதாக வெளியே தள்ளப்படுகிறார்கள்.

ஜெர்மனியில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே 1883இல் நோய்க் காப்பீட்டைக் கொண்டு வந்தவர் பிஸ்மார்க். அவர் தொழிலாளர் தோழர் ஒன்றும் அல்ல, சோசலிஸ்டுகளை ஒடுக்கத் தனிச் சட்டமே போட்டவர்! அவருக்கே புரிந்தது. இன்று அங்கே முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் கொடுக்கிறார். பிறகு காப்பீட்டு நிதி சம்பளத்தில் 70 சதவீதம் அளவுக்குக் கொடுக்கிறது, ஒரே நோய்க்கு 78 வாரம் வரை. தேறி வருகிறவர் நிதியிலிருந்து பணம் வாங்கிக்கொண்டே தினம் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, பிறகு ஆறு என்று படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம். ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயில் இருந்தவரை உட்கார வைத்து, "எந்த வேலை உன்னால் முடியும், எதை மாற்றித் தரலாம்?" என்று பேச வேண்டியது 2004 முதல் முதலாளியின் கடமை. அவர்கள் பணக்கார நாடு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் "எந்த வேலை உன்னால் முடியும்?" என்று கேட்பதற்கு எத்தனை கோடி செலவாகும்?

நம் நாட்டிலேயே பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. அரசு நிறுவனத்துக்கு மட்டும்! தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் காலுக்கு ஒரு நீதி, தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளியின் காலுக்கு ஒரு நீதியா?

வியாபாரப் பெருமக்களே, உங்களிடம்தான்

அரசைத் திட்டுவது எளிது. உங்களுக்கும் இனிக்கும். இனி சொல்லப்போவது கசக்கும்.

பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் ஹோட்டலுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. உங்களில் எத்தனை பேர் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒன்பது பேரைக் கணக்கில் காட்டுகிறீர்கள்? ஒரே கடையை அண்ணன் பெயரில் பாதி, தம்பி பெயரில் பாதி என்று ஏன் பிரித்து எழுதுகிறீர்கள்? பன்னிரண்டு பேர், ஆளுக்கு 12,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு மாதம் 4,680 ரூபாய். பெருநாள் சீசனுக்குக் கடை வாசலில் சீரியல் பல்பு கட்ட இதைவிட அதிகம் செலவழிக்கிறீர்கள்.

"நோயாளியை வைத்துச் சம்பளம் கொடுக்க நாங்கள் என்ன தர்மசத்திரமா?" என்கிறீர்கள். அதற்குத்தானே இந்த நிதி! அவர் படுத்திருக்கும் நாளுக்குப் பணம் கொடுப்பது நீங்கள் அல்ல, கழகம். நீங்கள் செய்ய வேண்டியது அவருடைய இடத்தை வைத்திருப்பது மட்டும். பதிவு செய்யாத கடையில் மாடியிலிருந்து மூட்டையோடு ஒரு பையன் விழுந்தால், இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். பதிவு இருந்தால் அந்தச் சுமையைக் கழகம் ஏற்கும். லாப நஷ்டக் கணக்குத் தெரிந்த உங்களுக்கு இது தெரியாதா?

சிலர் இன்னொன்று சொல்கிறார்கள். "இன்சூரன்ஸ் நமக்குக் கூடாதே, அதனால்தான் பிடிக்கவில்லை" என்று. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள், நாம் அதில் தலையிடவில்லை. ஆனால் கேட்கும்போது முழு விவரத்தையும் சொல்லிக் கேளுங்கள். இது பங்குதாரர்களுக்கு லாபம் பிரிக்கும் தனியார் கம்பெனி அல்ல, சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட பொது நிதி. பேங்க் கடன் வாங்கிக் கடை விரிக்கும்போது வராத மார்க்க அக்கறை, ஊழியருக்கு 390 ரூபாய் கட்டும்போது மட்டும் வருகிறது என்றால் நாம் என்ன நினைப்பது?

பத்துப் பேருக்குக் குறைந்த சின்னக் கடைக்காரர்களே, நீங்களும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி ஊழியருக்கு ஆண்டில் 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. அதே சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர் உட்கார நாற்காலி போட வேண்டுமாம்! நாள் முழுக்க நிற்க வைத்துக் கால் நரம்பு புடைத்துப் போனவர்களுக்கு ஒரு நாற்காலி கொடுக்கவும் சட்டம் வர வேண்டியிருந்ததே, வெட்கமாக இல்லையா?

இளைஞர்களே!

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, 2025 நவம்பர் 21 முதல். அதில் நமக்குச் சாதகமான வாசல்கள் உண்டு. முன்பு அரசிதழில் அறிவித்த பகுதிக்குத்தான் இ.எஸ்.ஐ., இனி நாடு முழுவதற்கும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமும் விரும்பினால் சேரலாம். ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால், ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் கட்டாயம். வெடிமருந்தோடு மாரடிக்கும் தீப்பெட்டியும் பட்டாசும் அந்த அறிவிப்பில் இல்லாவிட்டால் வேறு எது இருக்கப் போகிறது? வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற பெண்ணும் அதற்குள் வர வேண்டும். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் நம் தாய்மார்கள் பீடி சுற்றுகிறார்களே, அப்படி வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான், வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1980களிலேயே சொல்லிவிட்டது. பீடிக்கு ஒரு நியாயம், தீப்பெட்டிக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது.

73ஆம் பிரிவு கொடுத்த பாதுகாப்பு புதிய தொகுப்பின் விதிகளில் ஒரு சொல்லும் குறையக் கூடாது. அதோடு, பாதி நாள் வேலை பார்ப்பவருக்குப் பாதிப் பயன், குணமாகி வருகிறவருக்கு இலகுவான வேலை என்ற இரண்டையும் சேர்க்கச் சொல்லி நம் எம்.பி.யிடம் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் தொப்பி போட்டுக்கொள்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அடுத்த சம்பள நாளில் உங்கள் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். சீட்டே தருவதில்லை என்றால், கூட வேலை பார்க்கும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு முதலில் முதலாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள். கேட்கவில்லையென்றால் திருநெல்வேலியில் உள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகத்துக்கு, வேலைக்குச் சேர்ந்த தேதி, கடையில் வேலை செய்கிற ஆள்களின் எண்ணிக்கை, சம்பளம் மூன்றையும் எழுதி மனு அனுப்புங்கள். ஒரு நகலை உங்கள் மஹல்லா ஜமாஅத்திலும் கொடுத்து வையுங்கள். வாசலில் வசூலுக்குக் கடிதம் எழுதுகிற அதே கை, முதலாளிக்கும் ஒரு கடிதம் எழுதட்டும்.